அண்ணனுக்கு ஞாபகம் தப்பவில்லை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். எட்டாவது வரைதான் படித்தேன். ஆனாலும் இதை நான் எழுதியே ஆக வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்களில் பலர், "கடைசியில் அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது, பாடுபட்டுச் சேர்த்த சிப்பிகளையெல்லாம் அவரே கலந்துவிட்டார்" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என்னை ஒரு வருடமாக நிம்மதியாக உட்கார விடவில்லை.

அண்ணன் பிறந்தது போடி மலையடிவாரத்துக் குரங்கணியில். அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போய்விட, என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு போடிமெட்டு ஜீப்பில் தொற்றிக்கொண்டு தோட்ட வேலைக்குப் போனார். பிறகு உறவினர் ஒருவர் மூலமாகக் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைத்தது. நீச்சல் தெரியாத மலைக்காரர், அங்கே போய்ப் படகு தள்ளப் பழகினார்.

அந்தக் கல்லூரியில் அலையாத்திக் காட்டை ஆராய்ந்தார்கள். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் சேற்றில் வளரும் காடு. பொங்கலுக்கு வந்தால் அண்ணனுக்கு அதே பேச்சுதான்.

"நம்ம மலையில ஏற ஏறப் பயிரு மாறுதுல்ல ஆத்தா? அடியில மா, இலவு, மேல காப்பி, அதுக்கும் மேல ஏலம். அங்க பத்தடிக்குள்ளயே எல்லாம் மாறிப்போகும். மரத்துல ஏறி நிக்கிற நத்தை வேற, வேருல ஒட்டுற சிப்பி வேற, சேத்துல ஊர்ற நத்தை வேற. ஒரு நண்டு ஒத்தக் கையை மட்டும் பெருசா வளத்து வச்சுக்கிட்டு வா வான்னு கூப்பிடும். இன்னொண்ணு உதிர்ந்த இலையை வளைக்குள்ள இழுத்துட்டுப் போகும். கொட்டலசுன்னு ஒண்ணு, சுண்ணாம்பு அப்புன மாதிரி மரத்துல ஒட்டிக் கெடக்கும். பாத்தா சிப்பின்னு சொல்லுவ. அது நண்டுக்குப் பங்காளி."

"பங்காளின்னா சண்டை போடணுமேண்ணே" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஓய்வு பெற்று போடிக்கு வந்தபோது இரண்டு தகரப் பெட்டிகள் கூட வந்தன. நண்டுகள் மருந்துத் தண்ணீர் பாட்டில்களில் இருந்தன. சிப்பிகளும் நத்தைகளும் காகிதப் பொட்டலங்களில். எந்த ஓடை, எந்த மரம், சேற்றிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பென்சிலால் எழுதியிருந்தார். அங்கே ஓடைகள் தூர்ந்து தண்ணீரே மாறிவிட்டதாம். முன்பு எது எங்கே இருந்தது என்பதற்கு இந்தப் பொட்டலங்கள்தான் சாட்சி என்று சொல்லி, கல்லூரி ஆசிரியை ஒருவர் அவற்றைக் கேட்டிருந்தார். கொடுப்பதற்குள் அண்ணனுக்கு நெஞ்சு நோய் வந்தது.

அண்ணி அவரோடு தேனி ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலை. பத்துத் தோட்டத்துக் காயையும் ஒன்றாகக் கொட்டுவோம். சல்லடையில் சலித்து, நிறம் பார்த்து, வெடித்ததைக் கழிப்போம். பிரித்த பிறகு எந்தத் தோட்டத்துக் காய் என்று யாரும் கேட்பதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். காகிதமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அண்ணன் திரும்பி வருவதற்குள் ஒழுங்குபடுத்தி வைப்போம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கொட்டிச் சலித்தேன். பெரியது, நடுத்தரம், பொடி. வெள்ளை, மஞ்சள், பழுப்பு. உடைந்தது தனி. பாதியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். காகிதங்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அண்ணன் வந்ததும் பெட்டியைத் திறந்தார். ஒரு நத்தையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது.

அண்ணி எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, கடலையாட்டம் பிரிச்சு வச்சிருக்கு? காகிதமெல்லாம் எங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியே கொட்டிப்புட்டேன். எதுக்குன்னு ஞாபகமில்ல" என்றார்.

அவர் பொய் சொல்லி முதன்முதலில் நான் கேட்டது அன்றுதான். அண்ணி பயந்துபோய் சொந்தக்காரர்களிடம் சொன்னார். மறுநாளே மாமா ஒருவர் வந்து, "என்ன மாப்ளே, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியாமயா? என் குடையைக் கொண்டு போயித் திருப்பித் தராத ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று யாரும் நம்பவில்லை.

தனியாக இருக்கும்போது, "நான் சொல்லிர்றேண்ணே" என்று அழுதேன்.

"சும்மா இரு. நான் செஞ்சதுன்னா சீக்குன்னு விட்டுருவாக. உன்னைய காலம்பூரா சொல்லிக் காட்டுவாக."

அதன்பின் தினமும் காலையில், மூச்சு வாங்க, நான் பிரித்ததைக் கலைத்து மறுபடி பிரித்தார். வேலை முடிந்ததும் நானும் போய் உட்காருவேன். கழுவாத நத்தைகளின் வாயிலிருந்து காய்ந்த சேற்றை ஊசியால் கிண்டுவார். கருஞ்சேறு என்றால் உள்காடு, மணல் கலந்திருந்தால் முகத்துவாரம். மஞ்சளையும் பழுப்பையும் ஒன்றாகச் சேர்த்து, "இதெல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைக. ஒண்ணு செவப்பு, ஒண்ணு கருப்பு, நம்ம வீடு மாதிரி" என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் புதுப் பொட்டலங்களில் எழுதினேன். ஞாபகம் தப்பியவரால் இதைச் செய்ய முடியுமா?

கழுவியவற்றில் சேறு இல்லை. "உத்தேசமா ஒரு எடத்தைப் போட்டுருண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

என்னிடம் அவர் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "அதை நம்பி ஒரு புள்ள சேத்துல எறங்கித் தேடும். இல்லாத எடத்துல தேட விடவா?"

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கழுவிய சிப்பிகளுக்கான சீட்டை எழுதச் சொன்னார். "இடம் தெரியாது" என்று எழுதினேன். காரணத்தையும் எழுத வேண்டும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார்: "என் மறதியால் கலந்தது." என் கை அதையும் எழுதியது. அவர் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டோடுதான் பெட்டிகள் கல்லூரிக்குப் போயின.

ஆசிரியைக்குப் போன வாரம் உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் காட்டினேன். கடைசி வரி வரை படித்துவிட்டுத் தாள்களை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, "ஒரு எழுத்தும் மாத்தாத. இப்படியே குடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கவனித்த செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஜீப்பு கொண்டுவந்த தம்பிக்கும், பெட்டிகளை நேரில் வந்து வாங்கிப்போன ஆசிரியைக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனை நினைத்துப் பரிதாபப்பட்டவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இனி இந்தப் பேச்சு வந்தால் சரியாகச் சொல்லுங்கள். அண்ணன் எதையும் மறக்கவில்லை. சிப்பிகளைக் கலந்தது அவருடைய தங்கை.