எங்கள் வீட்டு முறை

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். அப்படி நம்பிப் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். வீட்டில் அம்மாவும் மகள் நானும்தான் மிஞ்சினோம்.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் அது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான். தவக்காலம் வந்தால் பக்கத்துத் தோட்டத்தவர்களும் சேர்ந்துகொள்ள, ரப்பர் காட்டுக்குப் பின்னால் இருந்த மலையில் சிலுவைப்பாதை செபித்துக்கொண்டே ஏறுவோம். பங்குச் சுவாமியார் வர முடியாத காலம். கோயில் காரியம் எல்லாம் உபதேசியார் தலையில்தான்.

ரப்பர் கட்டையில் செய்த ஆள் உயரச் சிலுவை ஒன்று இருந்தது. வழியில் நின்று செபிக்கும் இடங்கள் பதினான்கு ஸ்தலங்கள்; ஒரு ஸ்தலத்திலிருந்து அடுத்த ஸ்தலம் வரை ஒரு வீட்டு ஆண் அதைச் சுமக்க வேண்டும். அது அந்த வீட்டு முறை. அவர் வெளியூரில் இருந்தால் மாமனோ மச்சானோ சுமக்கலாம். செத்துப்போயிருந்தால் உபதேசியார் சுமப்பார்; வீட்டுப் பெண்கள் சிலுவைக்குப் பின்னால் நடப்பார்கள்.

அந்த வருடம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எப்படியோ ஜப்பான்காரனிடம் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டார். உள்ளே எதையாவது ஒளித்திருக்கிறோமோ என்று ஜப்பான் அதிகாரி சிலுவையைத் தட்டித் தட்டிப் பார்த்தானாம். வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது என்று உபதேசியார் ஞாபகப்படுத்தியபோது எனக்கு எரிச்சலாக வந்தது. இறைச்சியைக் கண்ணால் கண்டே எத்தனை காலம்! அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுத்தான் மலையேறினோம்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் அப்பாவை வாந்திபேதிக் கொட்டகையில் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். அங்கே போனவர்கள் எழுந்து வருவதில்லை என்றும் சொன்னார். லயமே நம்பிவிட்டது. அம்மா நம்பவில்லை.

"படுத்திருந்ததைத்தானே பாத்தாரு? செத்ததைப் பாத்தாரா?" என்று துக்கம் விசாரித்தவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போனாள்.

ஐந்தாம் ஸ்தலம் எங்கள் வீட்டு முறை. உபதேசியார் சிலுவைக்குத் தோள் கொடுக்கக் குனிந்தார். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, நீங்க தூக்காதீங்க."

"உன் வீட்டுல வேற யாரும்மா இருக்கா?"

"நான் இருக்கேன்லா."

"பொம்பளைங்க தூக்குற வழக்கம் இல்லையே."

"நீங்க தூக்கினா அவரு செத்துட்டாருன்னு ஆயிடும். நாளைக்கு அவரு வந்து நின்னா, நீங்களா பதில் சொல்வீங்க?"

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உபதேசியார் நிமிர்ந்து விலகினார்.

அம்மா சிலுவையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். மழை பெய்த செம்மண், நல்ல ஏற்றம். கொஞ்ச தூரம் போவதற்குள் சறுக்கி முழங்காலில் விழுந்தாள். கூட்டத்தின் பின்னாலிருந்து அடுத்த வீட்டுச் சின்னம்மா ஓடி வந்தார். அவர் மாரியம்மன் கோயில்காரர். எங்களுக்குத் துணையாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார். அவர் புருஷனும் அப்பா போன அதே லாரியில் போனவர்.

"எழுந்து நடங்கக்கா, பின்னால நான் புடிச்சிக்கிறேன்" என்று சிலுவையின் அடியைத் தூக்கினார்.

உபதேசியார் செபத்தை நிறுத்தவில்லை. இரண்டு பெண்களும் ஆறாம் ஸ்தலத்தில் சிலுவையை இறக்கினார்கள். அம்மாவின் முழங்காலில் ரத்தம். முகத்தில் மட்டும் ஜெயித்துவிட்ட களை.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான். சயாமில் மிஞ்சியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சின்னம்மாவின் புருஷன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா பாதைக்கு ஓடினாள். பிறகு லாரி வருவது நின்றுவிட்டது.

அடுத்த தவக்காலத்தில் மறுபடியும் மலையேறினோம். ஐந்தாம் ஸ்தலத்தில் உபதேசியார் சிலுவையைத் தொடவில்லை. அம்மாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிலுவைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நீங்களே தூக்குங்க ஐயா" என்றாள்.