இயற்கைச் சட்டமும் என் வயிற்றெரிச்சலும்

கல்யாண வகுப்பில் பாடம் எடுப்பவன் கதி, பசியோடு வந்தவனுக்குச் சமையல் குறிப்பு வாசிக்கிறவன் கதிதான். போடி கோயிலில் கல்யாணத்துக்குப் பெயர் கொடுத்த கத்தோலிக்க ஜோடிகளுக்கு நான் நடத்துவது இயற்கைச் சட்டம். நல்லது கெட்டதை எந்த மனுசனும் தன் அறிவாலேயே கண்டுகொள்ளலாம் என்பது அதன் சாரம். பிள்ளை கணவன் மனைவி உறவில் பிறக்கவேண்டும், சோதனைக் குழாயில் அல்ல என்பதும் அதில் அடக்கம். எனக்கும் என் மனைவி ரீத்தா டீச்சருக்கும் இன்னும் பிள்ளை இல்லை. இதே வகுப்பு எடுக்கும் மற்ற ஊர் உபதேசியார்களே, என் வயிறு எரிவது உங்களுக்காவது புரியும்.

மருந்தடிக்கிற மாப்பிள்ளை

போடிமெட்டு எஸ்டேட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் எழுந்தார். இயற்கைக்கு விரோதமாக எதுவும் கூடாதென்றால் ஏலச்செடிக்கு மருந்தடிப்பதும் பாவமா என்று கேட்டார். இங்கே இயற்கை என்றால் காடு மலை இல்லை, மனுச இயல்பு, அதற்கு வழிகாட்டும் அறிவு என்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். பலமாகத் தலையாட்டிவிட்டுப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்: "அடிக்கலாம்னு சார் சொல்லிட்டாரு."

லட்டு டப்பா

வகுப்பில் யார் நன்றாகத் தூங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் பிள்ளை பிறக்கிறது. இது என் சொந்த ஆராய்ச்சி. குறட்டைவிட்ட ஒருவர் வருஷம் திரும்பும் முன்பே லட்டு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். கைகுலுக்கினேன், பல்லைக் காட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. ரீத்தா பார்ப்பதற்குள் டப்பாவைப் பக்கத்து வீட்டில் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தேன். போகும்போது அவர் நன்றி வேறு சொன்னார்: "எல்லாம் நீங்க சொன்னபடி நடந்ததுதான் சார்."

டீச்சர் என்ன சொல்றாங்க?

குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டும் அந்தோணியும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் என்னிடம் வகுப்புக் கேட்டவர்கள். அவர்களுக்கும் வெகுநாளாகப் பிள்ளை இல்லை. எங்களைப் போல இன்னொரு ஜோடி இருப்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் இருந்தது. மதுரைக்குப் போய் டெஸ்ட் டியூப் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று ஒருநாள் கேட்டு வந்தார்கள். பிள்ளை வரமாக வருவது, செய்து வாங்கும் பொருள் அல்ல, அதனால்தான் திருச்சபை கூடாது என்கிறது என்றேன். நாங்களும் அதனால்தான் போகவில்லை என்றேன். அந்தோணி கேட்டார்: "நீங்க சொல்றீங்க. டீச்சரும் அதத்தான் சொல்றாங்களா சார்?"

செக்போஸ்ட்டு

அவர்கள் மதுரைக்குப் போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தி நான்தான் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும் என்றார் அந்தோணி. பங்குச்சாமியாராவது தடுப்பார் என்ற நம்பிக்கையில் ஓடினேன். பிள்ளை வந்த வழி தெரியுமா என்று காதோடு காதாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "வழி தப்புன்னு நானுந்தான் சொல்வேன். அதுக்குப் புள்ள என்ன செஞ்சிச்சு? கோயில் என்ன போடிமெட்டு செக்போஸ்ட்டா? வெள்ளச் சட்டையப் போட்டுட்டு வெரசா வாங்க."

விருந்துக்குப் பிறகு

ஞானஸ்நானத்தன்று பிள்ளை என் கையில் அழுதது, ரீத்தா கைக்குப் போனதும் நிறுத்திவிட்டது. விருந்து முடியும்வரை அவள் கீழே விடவே இல்லை. அந்தோணி நிதானமாகக் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார், மகளைத் தேடக்கூட இல்லை. தேடவேண்டிய அவசியமில்லாத அந்த மனுசன் மேல் எனக்கு வந்த பொறாமைக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. வீட்டுக்கு நடக்கையில் ரீத்தா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அந்த மதுரை டாக்டரம்மாட்ட நமக்கும் சொல்லி வைக்கட்டுமான்னு ஸ்டெல்லா கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

'ஊருக்குத்தான் உபதேசம்' என்று முதலில் சொன்னவன் நிச்சயம் கல்யாண வகுப்பு எடுத்தவன்தான், அவன் வீட்டுக்காரியும் பதிலுக்காகப் பக்கத்திலேயே நடந்து வந்திருப்பாள்.