ஜன்னலால் கொடுத்த பை

வெள்ளவத்தை ஸ்டேஷனில் காலை ரயிலில் முதலில் ஏறுவது ஆட்களல்ல, பைகள். ஜன்னலோரம் இருப்பவர் யாரென்றாலும் பையை நீட்டலாம். மடியில் வாங்கி வைப்பார்கள். பிறகுதான் நாங்கள் வாசலில் இடிபட்டு ஏறுவோம்.

அன்று தூறல். அம்மா விடியவே ஆஸ்பத்திரிக்குப் போய் கிளினிக் வரிசையில் இருந்தா. ஸ்கான் படங்களை மேசையில் மறந்துவிட்டுப் போய், போனில் என்னிடம் நல்ல ஏச்சும் வாங்கியிருந்தா. படமில்லாமல் டொக்டர் ஒப்பரேஷனுக்குத் திகதி தரமாட்டார். இன்று தவறினால் இன்னும் மூன்று மாதம்.

படக் கவர் என் பைக்குள் அடங்காமல் பாதி வெளியே நின்றது. அப்படியே ஜன்னலால் ஒரு சிங்களப் பெண்ணிடம் நீட்டினேன். சோற்றுப் பார்சல் இருந்த ரோஸ் நிறப் பொலித்தீன் சொப்பிங் பையை மடியில் ஒதுக்கிவிட்டு வாங்கிக்கொண்டாள். வாசலுக்கு ஓடினேன். கால் வைக்க இடமில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

“ஐயோ, என்ர பை!”

அவள் தலையை நீட்டிக் கத்தினாள்: “எத்தனம இன்ன!” அங்கேயே நில் என்று. நிற்காமல் வேறென்ன செய்வது? கடலைப் பார்த்தபடி என்னையே ஏசிக்கொண்டு நின்றேன். போனில் அம்மா.

“பிள்ளை, இன்னும் இருபது பேர்தான். எங்க நிக்கிறாய்?”

“வந்துகொண்டிருக்கிறன் அம்மா” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

கால் மணித்தியாலம் இருக்கும். கோட்டையிலிருந்து வரும் ரயில் எதிர்ப்பக்கம் நின்றது. கடற்பக்கக் கதவால் ஒருவன் குதித்து, “கொள சாரி அக்கே!” என்றான். பச்சைச் சேலைக்காரி நான்தான். தண்டவாளத்தைத் தாண்டி வந்து பையைத் தந்துவிட்டு, நகரத் தொடங்கிய தன் ரயிலில் பாய்ந்து ஏறினான். அவசரமாகக் கவரைத் திறந்து பார்த்தேன். படங்களில் துளி ஈரமில்லை. வெளியே நின்ற பாதியை அந்த ரோஸ் நிறச் சொப்பிங் பை மூடியிருந்தது. சம்பல் வாசம் வேறு.

அம்மாவுக்கு அன்றே திகதி கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னால் மறக்க முடியாதது வேறொன்று.

அடுத்த ரயிலில் எப்படியோ ஏறி, ஜன்னலோரம் இடமும் பிடித்தேன். அடுத்த ஸ்டேஷன் பம்பலப்பிட்டி. மேடையில் அவள் நின்றாள், கடதாசியில் சுற்றிய சோற்றுப் பார்சலை வெறுங்கையால் நெஞ்சோடு அணைத்தபடி. எனக்காக இறங்கி, எதிர் ரயிலில் வந்தவனிடம் பையைக் கொடுத்தனுப்பிவிட்டு, தன் வேலைக்குப் பிந்தி நின்றிருக்கிறாள். முன்பின் தெரியாத எனக்காக!

என்னைக் கண்டதும் சிரித்தாள். வாசலில் அதே சனம். ஒரு கணமும் யோசிக்காமல் பார்சலை ஜன்னலால் என்னிடம் நீட்டிவிட்டு, ஏற ஓடினாள்.