மூளையைக் கேட்காத தாளம்

முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் என் வீட்டுக்காரர் என் எதிரில் ஒரு தடவைகூடக் காற்று விட்டதில்லை. பள்ளிக்கூட வாத்தியார், மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவர், அவ்வளவு மரியாதைக்காரர். அந்த மரியாதை அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

போன வருஷம் அவருக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுத்து, கெட்டுப்போன ஒரு சாண் குடலை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். நாலு நாளாகியும் வயிறு கப்சிப். சின்ன வயசு டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆன்டி, நாளைக் காலைக்குள்ள காத்து பிரியலேன்னா ஸ்கேன் பண்ணணும். திரும்ப ஓப்பன் பண்ற மாதிரிகூட வரலாம்" என்றாள். இவர் இனிப்பு நீர் வியாதிக்காரர், இன்னொரு கத்தியைத் தாங்கமாட்டார்.

"மூளை சொன்னா குடல் நகராதா?"

"மூளையைக் கேக்காது ஆன்டி. குடல் சுவத்துக்குள்ளயே பொடிப் பொடியா செல்லுங்க இருக்கு. அதுங்கதான் தாளம் போடும். இரைப்பையில நிமிஷத்துக்கு மூணு, சிறுகுடல் ஆரம்பத்துல பன்னெண்டு போல. அதுங்க கிட்டருந்து கரண்ட் அலையா கிளம்பும், தசை சுருங்கும். ஆப்பரேஷன் அதிர்ச்சியில எல்லாம் குழம்பிக் கிடக்கு."

அடேயப்பா! காலையில் மலாய்க் கடையின் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மாக் மண்டின் பேக்டரிக்கு ஓடுகிறவள் நான். விழுங்கிய சோறு என்ன ஆனது என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா? நான் குறட்டை விடும்போதும், இவரோடு சண்டை போடும்போதும், ஒரு நன்றிகூட இல்லாமல் இத்தனை வேலை நடந்திருக்கிறது. வார்டில் உட்கார்ந்தபடியே என் வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். மேலெல்லாம் புல்லரித்தது.

சாயங்காலம் கோயில் ஜெபக் குழுவிலிருந்து எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபமாலை சொன்னார்கள். பாதியில் இவர் முகம் சிவந்தது. நெற்றி வேர்த்தது. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலியோ என்று பதறி, தையலுக்குப் பக்கத்தில் பதமாய்க் கை வைத்தேன். உள்ளே கடகடவென்று உருண்டது. மாதாவை வேண்டும்போது விடக்கூடாதென்று மனுஷன் அடக்கிக்கொண்டு கிடக்கிறார்!

"கொஞ்சம் நிறுத்துங்க லா!" என்று கத்தினேன். "ஏங்க, விடுங்க!"

"ஜெபம் நடக்குதும்மா..."

"கடவுள்தானே அதை உள்ள வச்சாரு? விடுங்கன்னா!"

விட்டார். வார்டுக்கே கேட்டது. பக்கத்துக் கட்டில் சீனர் கை தட்டினார்.

டாக்டரம்மா ஓடிவந்து அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அதை என் காதில் மாட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு குளுகுளுவென்று ஓர் ஓட்டம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். யாரும் ஏவவில்லை, யாரும் எண்ணிக் கொடுக்கவில்லை. கடவுளே, எவ்வளவு பெரிய காரியம்! "இனிமே ஓப்பன் பண்ண வேணாம் ஆன்டி" என்றாள். நான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அவர் வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, "மன்னிச்சிக்கம்மா" என்றார்.

"இன்னொரு தடவை விடுங்க" என்றேன்.