ஸ்கொட்லாந்துக் கடையில் பசியில்லாத நாலு பேர்

என் மகனும் பக்கத்து நகரமான லவாலில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். பெரியவர்கள் ஒருமுறை சந்தித்துக் கதைக்க வேண்டும். எங்கே என்பதுதான் பிரச்சினை. தமிழ்க் கடைக்குப் போனால், கேட்ட வடை மேசைக்கு வருமுன்னரே செய்தி டொரன்டோவுக்குப் போய்விடும். வீட்டுக்கு அழைத்தாலோ, கலியாணமே முற்றான மாதிரி.

நான்தான் அந்த ஸ்கொட்லாந்துச் சாப்பாட்டுக் கடையைச் சொன்னேன். நகரத்தில் ஒரே பெயரில் நாலைந்து இடங்களில் வைத்திருக்கிறார்கள். மலிவு. வில்லரேயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் வேலை முடிந்து வரும்போது அங்கே சூப் குடிப்பேன். ஒரு தமிழ் முகத்தையும் கண்டதில்லை, கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் தவிர.

"அங்க வந்து பகிடி விடாதேங்கோ," என்றாள் மனைவி, காரில். "பிள்ளையின்ர தகப்பன் சிரிக்காத ஆளாம்."

"நான் எப்ப பகிடி விட்டனான்?"

"இப்ப விட்டது என்ன?"

பிள்ளையின் தாயும் தகப்பனும் எங்களுக்கு முன்னரே வந்து, படம் எடுக்க இருத்தியதுபோல நிமிர்ந்து இருந்தார்கள். தகப்பன் என்னை விசா அதிகாரி பார்ப்பதுபோலப் பார்த்தார். பரிமாறும் பையன், ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடையோடு வந்தான். முழங்காலுக்கு மடித்துக் கட்டிய என் சாரம் மாதிரியே இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே மனைவி என் காலை மிதித்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றேன், மெனுவை அவர் பக்கம் தள்ளி.

"இல்லை, நீங்கள் சொல்லுங்கோ. எங்களுக்குப் பசியில்லை. இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்."

தோற்க மனம் வரவில்லை. "நாங்களும் வயிறு முட்டச் சாப்பிட்டனாங்கள்," என்றேன். பதற்றத்தில் காலையிலிருந்து நாங்கள் குடித்தது வெறும் தேத்தண்ணி.

கடைசியில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஹாகிஸ். ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் கொத்தி, ஓட்ஸும் மிளகும் சேர்த்து அவித்தது. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தோம்.

"கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் எங்கட சாப்பாடுதான்," என்றார் பிள்ளையின் தாய்.

உண்மைதான். அந்த ஒரு கரண்டி, உறங்கிக் கிடந்த பசியை எழுப்பிவிட்டது. ஆனால் இரண்டாவது கரண்டிக்கு யாரும் கை நீட்டவில்லை.

"தம்பிக்கு நிரந்தர வேலையோ?" என்று கேட்டார் தகப்பன்.

"ஓம்."

"வீடு வாங்கிற யோசனை இருக்கோ?"

"ஓம்."

பகிடிக்குத் தடை போட்டால் எனக்கு மிச்சமிருக்கும் சொல் அது ஒன்றுதான். கதை அதோடு படுத்துவிட்டது. பரிமாறும் பையன் வந்து பாதிக்கு மேல் கிடந்த தட்டைக் காட்டி, முடிந்ததா என்று பிரெஞ்சில் கேட்டான்.

"ஓம், காணும், போதும். மெர்சி," என்றோம், நாலு பேரும். எங்கள் வீடுகளில் காணும் என்று சொன்ன பிறகுதான் பரிமாறவே தொடங்குவார்கள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு போனான். எட்டுக் கண்கள் குசினி வாசல்வரை அதை வழியனுப்பின.

"பிள்ளையளோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்," என்று எழும்பினார் தகப்பன். எங்கள் ஆட்கள் இப்படிச் சொன்னால், பெரும்பாலும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

காரில் மனைவி இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினாள். "நீங்கள் ஒரு பகிடியாவது விட்டிருக்கலாம்," என்றாள் பிறகு. மகனுக்கு என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போக மனமில்லாமல் அரை மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றிய பிறகு, "பசிக்குதப்பா. அவையள் இப்ப போயிருப்பினம். திருப்புங்கோ," என்றாள்.

திருப்பினேன். கடைக் கதவைத் திறந்தால், அதே மேசை, அதே இருவர். அவர் முன்னால் முழு ஹாகிஸ். அந்த அம்மாவின் முன்னால் பொரித்த மீனும் ஒரு குவியல் சிப்ஸும். தகப்பனுடைய கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாய்க்குள் இருந்ததை விழுங்கவும் முடியாமல், பேசவும் முடியாமல் எங்களைப் பார்த்தார். வெட்கத்தில் இந்த மனிதர் இனி எங்கள் தெருப்பக்கமே வரமாட்டார், காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

அவர் மெதுவாக மென்று விழுங்கினார். மீசையைத் துடைத்தார். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்காத மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்துக் கதிரையைக் காலால் வெளியே தள்ளினார்.

"இருங்கோ, சம்பந்தி. மீன் நல்லாயிருக்கு."

அவருடைய மனைவி சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல் வாய் தவறி வந்ததா, தெரிந்தே வந்ததா என்று யோசிக்க என் மனைவி யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, ஒரு மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.