மருந்துப் பீப்பாயும் மகளின் இங்கிலீஷ் கடிதமும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஏலக்காய் மூட்டையைத் தலைச்சுமையாக இறக்கிய அதே மலையில் சொந்தமாகத் தோட்டம் வாங்கினேன். போடியில் மாடி வீடு கட்டினேன். தனி ஆளாக நின்று யானை விரட்டியிருக்கிறேன். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்ட என்னை 1980களில் ஓர் இங்கிலீஷ் வீட்டுப்பாடம் நடுங்க வைத்தது.

அன்று செடிக்கு மருந்தடித்துவிட்டு ஜீப்பில் இறங்கி வந்திருந்தேன். பிளஸ் டூ படித்த மகள் எதையோ உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆத்தா, மந்திரமா ஓதுற?”

“டீச்சர் ரெண்டு கட்டுரை குடுத்தாங்கப்பா. பூச்சிமருந்தால வெளச்சல் கூடுதுன்னு ஒண்ணு. அது மனுசனுக்கு என்ன செய்யும்னு ஒரு டாக்டர் எழுதுனது ஒண்ணு. ரெண்டையும் படிச்சுட்டு, ஒருத்தர் மனசு மாறுற மாதிரி லெட்டர் எழுதணும்.”

“யாருக்கு எழுதுன, கலெக்டருக்கா?”

“உங்களுக்குத்தான்.”

சிரித்தேன். “எனக்கு இங்கிலீசு தெரியாதுங்கிற தைரியமா? தமிழ்ல சொல்லு, கேப்போம்.”

சொன்னாள். மருந்து வாய்க்குள் போகவேண்டியதில்லையாம். தோல் வழியாகவே ஏறுமாம். முதலில் வேர்க்கும், எச்சில் ஊறும், பார்வை மங்கும், கை நடுங்கும். அதற்கப்புறம் மூச்சு.

என் சிரிப்பு நின்றுவிட்டது. பீப்பாயில் மருந்தை ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவது என் வழக்கம். ‘நமக்கெல்லாம் மருந்து ஏறாதுடா’ என்று ஆட்களிடம் பீற்றிக்கொள்வேன். அன்று காலை, பனி விலகாத குளிரிலும் சட்டை நனைய வேர்த்திருந்தது. உழைப்பு வேர்வை என்று விட்டிருந்தேன். இப்போது வாயில் எச்சில் ஊறுவது போலிருந்தது. சுவர்க் காலண்டரில் தேதி தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. மறுபடியும் பார்த்தேன்.

“லெட்டர் நல்லா இல்லையாப்பா?”

“நல்லாத்தான் இருக்கு” என்று எழுந்துபோய், சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தேன். வாடை போகவில்லை. டாக்டரிடம் போகவும் பயம். அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? காலையில் காபித் தம்ளரை எடுக்கும்போதெல்லாம் கை ஆடுகிறதா என்றே பார்த்தேன்.

அடுத்த மருந்தடிப்புக்கு மலையேறினேன். பீப்பாய் முன்னால் நின்றதும் கை உள்ளே போக மறுத்தது. ஒரு கம்பை வெட்டிக் கலக்கினேன்.

“என்ன மொதலாளி, கையில சுளுக்கா? தள்ளுங்க, வெரசா முடிப்போம்” என்று ஒருவன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தான்.

“எடுறா கைய!”

துள்ளி விலகினான். “எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க? உள்ள பாம்பா கெடக்கு?”

“பாம்புன்னா நானே அடிச்சிருக்க மாட்டனா?” என்றேன். கம்பை அவனிடம் நீட்டியபோது அதன் நுனி ஆடியது.