கடைசிக் குழியில் ஒரு கோரை

தேவிபட்டினம் போகும் வழியில் கடலோரமாக ஓர் ஓட்டல் இருக்கிறது. அதன் கோல்ஃப் மைதானத்தில் நான் களை எடுக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தப் புல்லில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று என்னைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சொல்ல வேண்டும்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மேஸ்திரி களை எடுக்கிற எங்கள் ஆறு பேரையும் கடைசிக் குழிக்குக் கூப்பிட்டார். ஆட வருகிறவர்களுக்கு அங்கே குழியில் நட்டிருக்கும் கொடியை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமாம். குடை நிழலில் நாற்காலி, குனிகிற வேலை இல்லை. மட்டையால் அடித்து, குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவளுக்கு அந்த இடம். முழங்கால் தேய்ந்த எனக்கு அதன் மேல் ஆசை.

“பந்து கெடக்குற எடத்துல மொளச்சு நிக்கிற எதையும் பிடுங்கக் கூடாது. பிடுங்குனா ரெண்டு அடி கூட,” என்றார் மேஸ்திரி.

“அப்ப எங்களுக்குச் சம்பளம் எதுக்கு?” என்றாள் என் நாத்தனார். எல்லோரும் சிரித்தோம்.

அவள் புருஷன் போன பிறகு மேஸ்திரியிடம் நான்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்தேன். அன்றிலிருந்து என் தூக்குச்சட்டியில்தான் அவளுக்கும் சோறு.

அந்தக் குழி லேசில் கிட்டாது. குறுக்கே குளம், அதைத் தாண்டினால் மணல் பள்ளம், போதாததற்குக் கடல் காற்று. ஆடிய ஐந்து பேரில் நாத்தனார்தான் ஏழு அடியில் போட்டிருந்தாள். நான் கடைசி.

“மதினி, காத்து தள்ளுது. பனைய பாத்து அடிங்க,” என்றாள் அவளே. அடித்தேன். பந்து வளைந்து குளத்தைத் தாண்டியது. ஆறாவது அடியில் குழிக்குள் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நாத்தனார் மட்டும் தட்டவில்லை.

“அய்யா, மணலுக்கு இங்கிட்டு பந்து கெடந்தப்ப மதினி ஒரு கோரையப் பிடுங்குனாக. நான் பாத்தேன்.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “பிடுங்குனீகளா?”

கோரையைக் கண்டால் என் கை கேட்பதில்லை. எத்தனை வருஷப் பழக்கம்! பிடுங்கியதே அவள் சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்காலி எனக்கு. வேறு யாரும் பார்க்கவில்லை. ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதை நம்பித்தான் காட்டிக்கொடுத்தாள்.

“பிடுங்குனேன்,” என்றேன். ஆறு எட்டானது.

இப்போது குடைக்குக் கீழே அவள் உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிரே குனிந்து கோரை பிடுங்குகிறேன்.

“மதினி, வெயிலு ஏறுது. செத்த நேரம் இங்கன வந்து உக்காருங்க.”

“எனக்கு வேலை கெடக்கு,” என்பேன், நிமிராமல்.

என் தூக்குச்சட்டியில் இப்போது ஒரு ஆள் சோறுதான்.